அவசரத்துக்கு ஒரு பெயர்

படிவத்தில் பதினோராவது கேள்வி வரை
பொய் எதுவும் தேவைப்படவில்லை.
நெவென்கா. நாற்பத்து மூன்று. படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் வேலை.
எடையை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.
பன்னிரண்டாவது:
அவசரம் என்றால் யாரை அழைக்க வேண்டும்?

பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
வெளியே புன்டா அரெனாஸின் காற்று.
தெருமுனையில் நகராட்சிக்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள்,
அதைப் பற்றிக்கொண்டு ஒரு தபால்காரர்
பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தார், நண்டு மாதிரி.

எங்கள் வீட்டில் கயிறு நான்தான்.
பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா சொல்வாள்:
"டிராகோ, அக்காவைப் பிடிச்சுக்கோ.
அவளைக் காத்து ஒண்ணும் பண்ணாது."
என் கோட்டுப் பைக்குள் ஈரமாய் ஒரு குட்டிக் கை
வகுப்பறை வாசல்வரை வரும்.
அம்மா சொன்னது கேலியா பெருமையா
இன்றுவரை தெரியவில்லை.
இரண்டையும் பிசைந்து தின்றுவிட்டேன்.

சாந்தியாகோவில் ஐந்து நாள் பயிற்சி,
சீட்டுக் கணினிக்குப் புது மென்பொருள்
என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
பொய்க்குக் கை கால் முளைத்துவிட்டது:
அம்மா எட்டு கருப்புப் பொத்தான் கேட்டிருக்கிறாள்,
மாதிரிக்கு ஒன்றை என் பர்ஸில் போட்டிருக்கிறாள்.
வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தபின்
எந்தக் கடைவீதியில் நின்று
நான் பொத்தான் பார்ப்பது?

சொன்னால், தங்கை இவானியா
"கொஞ்சம் நடந்து பார்த்திருக்கலாமே" என்பாள்.
நடக்காதவள் மாதிரி. இந்தக் காற்றில்.
ரொசால்பா அண்ணிக்கு ஒசோர்னோவில் யாரோ ஒருத்தி
மயக்கத்திலிருந்து எழுந்திருக்காதவள்
கட்டாயம் நினைவுக்கு வருவாள்.
அம்மா எதுவும் கேட்கமாட்டாள்.
அடுப்பைத் துடைப்பாள்.
துடைத்த இடத்தையே துடைப்பாள்.
இத்தனை வருஷம் நான் போட்ட சோறா என்று
முதுகு கேட்கும்.

சொல்லாவிட்டால் அது வேறு வம்பு.
அடுத்த கோடையில் கன்னம் வற்றி வந்து நிற்பேன்,
"என்ன மன உறுதி!" என்பார்கள்.
அந்தப் பாராட்டை
எந்த வயிற்றில் வாங்கிக்கொள்வேன்?

ஆனாலும் என் வயிறு இது.
கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும்
எல்லாரும் பேசித் தீர்த்த வயிறு.
இந்த ஒரு செய்தியை மட்டும்
என் காதோடு சொல்லிவிட்டுப் போகட்டுமே.

வரவேற்பு மேசைப் பெண் வந்து பார்த்தாள்.
"ஒரு பேர் போதும், அம்மா. யாராவது ஒருத்தர்."

டிராகோ கிரேனுக்குள் இருந்தான்.
ஃபோனில் அவனைவிடக் காற்றுதான் அதிகம் கேட்டது.
சொன்னேன். சொன்னதை மறுபடி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது,
அறுவை என்ற சொல்லை,
மருந்தகத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்க.
"அம்மாவுக்குத் தெரியுமா?"
"தெரியாது."
"அப்ப எனக்கும் தெரியாது," என்றான்.
கொஞ்சம் கழித்து,
"நம்பரைச் சரியா எழுது. கடைசியில ஏழு."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குட்டி
நான்கு மணி நேரம் தீயோரம் நின்று கருகியிருந்தது.
எனக்கு வெறும் நீராகாரம், மூன்றாம் நாள்.
அம்மா வழக்கம்போல் விலாப்பக்கத்தை என் தட்டில் வைத்தாள்,
நல்ல துண்டு, கொழுப்போடு.
நான் கத்தியால் அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு கால்பந்துக்குப் போனபோது
பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது,
இப்போது முடி அடர்ந்த, கிரீஸ் போகாத கை.
என் தட்டிலிருந்து துண்டு அவன் தட்டுக்குப் போனது.
என்னைப் பார்க்காமலே மென்றான்.

"வெக்கமா இல்லை? அக்கா தட்டுல கை வைக்கிறே."
"பசிக்குதும்மா."
முன்னாலேயே மூன்று எலும்பு கிடந்தது அவன் தட்டில்.

அம்மா அவனைப் பார்த்தாள். என் டம்ளரைப் பார்த்தாள்.
அடுத்த துண்டைக் கரண்டியில் எடுத்தவள்
மேசைக்கு மேலே, நடுவில்,
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.
கொழுப்பு விரிப்பில் சொட்டியது.

பிறகு அவன் தட்டில் போட்டாள்.
"பொத்தான் கிடைக்கலைன்னா
அலையாதே," என்றாள்.